ஒன்பது மணித்தியாலக் கனவு

வெள்ளவத்தை,
04.02.2024

அன்புள்ள தம்பி பரனுக்கு,

அக்கா சுபோதினி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். மெல்பேர்னில் நீயும் வதனியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மயூரபதி அம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ போனில் அனுப்பிய செய்தி கிடைத்தது. மார்ச் 12ஆம் திகதி அலுவலக வேலையாக லண்டன் போகிறாயாம். வழியில் கட்டுநாயக்காவில் இறங்கி, அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணித்தியாலம் காத்திருக்க வேண்டுமாம். இதை ஒரே வரியில் எழுதியிருந்தாய். ஒன்பது மணித்தியாலம் என்பது ஒரு வரியில் எழுதி முடிக்கிற விஷயமாடா, மடையா?

நான் எல்லாம் யோசித்துவிட்டேன். காலை ஆறரைக்கு இறங்குகிறாய். புதுப்பாதையால் வந்தால் எட்டரைக்கு வீட்டில் நிற்கலாம். திரும்பிப் போகிற நேரத்தையும் கழித்துப் பார்த்தால் மூன்று மணித்தியாலம் என்னோடு இருப்பாய். இடியப்பமும் சொதியும் நெத்தலிப் பொரியலும் செய்வேன். அம்மாவின் அலுமாரியைத் திறப்போம். அம்மா போய் இரண்டரை வருஷம், இன்னும் நான் அதைத் திறக்கவில்லை. நீ வந்த பிறகுதான் என்று பூட்டி வைத்திருக்கிறேன். ஏழு வருஷமாக நீ இந்தப் படி ஏறவில்லை என்பதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா?

போன் எடுக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். என் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருக்கிறது, கேட்கத் தாங்கவில்லை என்று நீ சொல்லி வைத்த நாளிலிருந்து நானும் எடுப்பதில்லை. ஆனால் போனில் எழுதுவதையும் விட்டுவிடு. அந்த எழுத்து எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது. பழையபடி கடிதம் எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. டியூஷன் பிள்ளைகளையும் நிறுத்திவிட்டேன், அலுப்புத்தான், வேறொன்றுமில்லை.

வருவேன் என்று ஒரு வரி போதும்.

உன் வரவை நினைத்தபடி,
அக்கா

⁂

மெல்பேர்ன்,
20.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் வர ஏலாது. வழியில் இறங்கி மாறுகிற ஆட்களை வெளியே விடமாட்டார்களாம். விசா இருக்க வேண்டும், அதற்கு வேறு கடிதங்கள் வேண்டும் என்கிறார்கள். விமான ரிக்கெற் எடுத்ததும் அலுவலகம்தான், என் கையில் ஒன்றும் இல்லை. எயார்போட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போவேன். நீங்கள் சமைத்து வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

வேறொரு முறை கட்டாயம் வருவேன்.

உங்கள் அன்புத் தம்பி,
பரன்

⁂

வெள்ளவத்தை,
08.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் குறையில்லை என்று அறிந்து சந்தோஷம்.

விடமாட்டார்கள் என்றால் என்ன செய்வது, சட்டம் சட்டம்தான். நெத்தலி வாங்கிவிட்டேன். பரவாயில்லை, மேல்வீட்டு நஸீறாவுக்குக் கொடுக்கிறேன். அவள் மீன் என்றால் உயிரை விடுவாள்.

பின்னேரம் மூன்றரைக்கு உன் விமானம் எழும்பும்போது பல்கனியில் நிற்பேன். இங்கே இருந்து பார்த்தால் இரத்மலானைப் பக்கம் வருகிற சின்ன விமானங்கள்தான். உன்னுடையது எந்தப் பக்கத்தால் போகுமோ தெரியாது. ஏதாவது ஒரு சத்தமாவது கேட்கும்தானே.

கை காட்டுவேன். நீ காணாவிட்டாலும்.

அக்கா

⁂

மெல்பேர்ன்,
30.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

லண்டன் அலுவல் முடிந்து சுகமாக வந்து சேர்ந்தேன். வதனி உங்களை விசாரித்தாள். நீங்கள் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள்.

கட்டுநாயக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். கதிரையில் சாய்ந்தபடியே நித்திரையாகிப் போனேன். ஒரு கனவு வந்தது.

கனவில் நான் ஒரு சின்ன பஸ்ஸுக்குள் இருக்கிறேன். பதினாலு பேர், எல்லாரும் அந்நிய நாட்டுக்காரர், எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். என் தலையிலும் ஒன்று. முன்னால் ஒரு வழிகாட்டி சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு கொழும்பைக் காட்டுகிறான். பக்கத்தில் இருந்த கிழவி, நீ முன்பு இங்கே வந்திருக்கிறாயா என்று இங்கிலீஷில் கேட்டாள். இதுதான் முதல் தரம் என்று என் வாய் சொன்னது. கனவில் வாய் தன்பாட்டுக்குக் கதைக்கும், தெரியும்தானே.

முதலில் கோட்டாஞ்சேனை லூசியாள் கோயில். இறங்கி அண்ணாந்து பார்த்தோம், அந்தக் கூரை வானத்தில் மிதந்துகொண்டு நின்றது. பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைச் சனம், மெழுகுதிரி மணம், யாரோ ஒரு பொம்பிளை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு செட்டியார் தெருவால் பஸ் ஊர்ந்து போனது. அப்பா வேலை செய்த கடையைத் தேடினேன், அந்த இடத்தில் நாலு கடை. சிவப்புப் பள்ளிவாசல், பிளந்து வைத்த மாதுளம்பழம் மாதிரி. தாமரைக் கோபுரம், நான் போகும்போது இல்லாத சாமான். நகர மண்டபம், கங்காராமை, சுதந்திர சதுக்கம். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆண்டு சொன்னான். அந்த ஊரில் இருபத்தெட்டு வருஷம் இருந்த எனக்கு ஒரு ஆண்டுகூடத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நூறாம் நம்பர் பஸ் எங்கே நிற்கும், எங்கே நிற்காமல் ஓடும் என்பதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. ஒரு முச்சக்கர வண்டிக்காரன் யாரையோ ஏசுகிறான், வாய் அசைகிறது, ஏச்சு கேட்கவில்லை. நான் தண்ணிக்குள் இருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு காலிமுகத்திடலைத் தாண்டி, கடலோரமாக வந்தோம். இதுதான் வெள்ளவத்தை, சின்ன யாழ்ப்பாணம் என்று எனக்கே சொல்லித் தந்தான்.

அத்தோடு முழித்துவிட்டேன்.

அக்கா, அன்று காலை பதினொரு மணிபோல நீங்கள் எங்கே நின்றீர்கள்? சும்மா கேட்கிறேன்.

அன்புடன்,
பரன்

⁂

வெள்ளவத்தை,
22.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

வருஷப் பிறப்பு நல்லபடி போனது. நஸீறா நோன்புப் பெருநாள் வட்டிலப்பம் தந்தாள், நான் பயற்றம் பணியாரம் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் பொங்கியிருப்பீர்கள்.

உன் கனவை மூன்று நாளாக வைத்து வைத்து வாசித்தேன். நல்ல வடிவான கனவு. ஆனால் பாதியில் முழித்துவிட்டாயே, அதுதான் எனக்குக் கவலை. கடலோரமாக வந்த பஸ் எங்கேயாவது நிற்கவில்லையா? யாரும் தம்பிலி இளநீர் குடிக்கவில்லையா? இந்த வெயிலுக்கு வெள்ளைக்காரருக்குத் தம்பிலி வாங்கிக் கொடுக்காத வழிகாட்டி என்ன வழிகாட்டி?

கனவில் சாமான்களும் தொலையுமாம். உன் வாசிக்கிற கண்ணாடி பத்திரமாக இருக்கிறதா? மண்ணிறக் கூட்டுக்குள் வைப்பாயே, அது.

அன்று பதினொரு மணிக்கு மரைன் டிரைவில் மீன்காரனிடம் போனேன். தெரிந்த முகம் ஒன்றையும் காணவில்லை.

மிச்சக் கனவையும் கண்டு முடித்துவிட்டு எழுது. காத்திருக்கிறேன்.

அக்கா

⁂

மெல்பேர்ன்,
14.05.2024

அக்கா,

சுகம் விசாரிக்க இன்றைக்கு மனம் இல்லை. மன்னியுங்கள்.

தெரிந்த முகம் ஒன்றையும் காணவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சரி, கனவில்லை. வெளியே விட்டார்கள். எயார்போட்டில் ஒரு மேசை போட்டு, காத்திருக்கிறவர்களுக்கு நகரத்தைக் காட்டுகிறோம் என்று நின்றார்கள். வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வரத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. அம்மா கட்டிலில் கிடந்து, பரன் வந்திட்டானோ என்று வாசலைப் பார்த்த வீடு. எல்லாரோடும் பஸ்ஸில் இருந்தால், ஊரையும் பார்க்கலாம், வீட்டுக்கும் போகத் தேவையில்லை என்று நினைத்தேன். என் கோழைத்தனம், வேறென்ன சொல்ல.

ஆனால் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனை வந்ததும் தாங்கவில்லை. தம்பிலிக்காரனுக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னேன். பத்து நிமிஷம் நின்றேன். எங்கள் பல்கனியில் பச்சைச் சேலை காய்ந்தது. இருநூறு அடி நடந்தால் போதும். நடக்கத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது நீங்கள் வந்தீர்கள்.

மீன் பையோடு வந்து தம்பிலிக்காரனிடம் நின்று, "மல்லி, கீயத?" என்று சிங்களத்தில் விலை கேட்டீர்கள். அம்மாவேதான் அக்கா. தம்பி என்கிற அந்த 'மல்லி'யில் அம்மா போடுகிற அதே இழுவை. பிறகு திரும்பினீர்கள், பை என் காலில் பட்டது. என் முகத்தை நேருக்கு நேர் அண்ணாந்து பார்த்தீர்கள். பார்த்து, "சொறி சேர்" என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனீர்கள்.

சேர்!

தாடி இருந்தது, தொப்பி இருந்தது, வெயிற்கண்ணாடி போட்டிருந்தேன், எல்லாம் சரி. கூடப்பிறந்தவனைத் தெரியாதா? உங்களுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு வராதவன் எனக்கும் வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னீர்கள். கோபம் என்றால் கன்னத்தில் அறைந்திருக்கலாமே. சேர் என்று சொல்லி என்னை அந்நியனாக்கிவிட்டு, இப்போது கனவின் மிச்சத்தைக் கேட்கிறீர்கள்.

கண்ணாடி பஸ்ஸில் விடுபட்டது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பரன்

⁂

மெல்பேர்ன்,
11.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள்தானே? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. என் கடிதம் கிடைத்ததா? கிடைக்காமல் விட்டால் நல்லது என்றும் சில நாள் நினைக்கிறேன். வதனி என்னை ஏசிக் கொட்டுகிறாள். "உங்கட அக்காவுக்கு எழுதுற கடிதமா அது? வழக்குத் தாளா?" என்கிறாள்.

இரண்டு தரம் போன் எடுத்தேன். அடிக்கும்போதே வைத்துவிட்டேன்.

இப்போது உண்மையாகவே கனவு வருகிறது. அதே பஸ், அதே மஞ்சள் தொப்பிகள். ஒழுங்கை முனையில் பஸ் நிற்கிறது. கதவுதான் திறக்குதில்லை.

ஒரு வரி எழுதுங்கள். ஏச்சாக இருந்தாலும் எழுதுங்கள்.

பரன்

⁂

வெள்ளவத்தை,
09.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன், பயப்படாதே. எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறாய். நான் சொல்ல மேல்வீட்டு நஸீறா எழுதுகிறாள். ஒரு சொல்லும் மாற்றக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் கண்ணாடிக் கதை. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டாஞ்சேனையிலிருந்து பிறெடி என்று ஒருவர் வந்து மணி அடித்தார். "உங்கட வீட்டு ஆள் ஒருத்தர் எங்கட பஸ்ஸில கண்ணாடிய வச்சிட்டுப் போயிட்டாரு மிஸ். அவரு நிரப்பிக் குடுத்த போம்ல இந்த அட்ரஸ்தான் இருந்திச்சு" என்றார். நான் இல்லை என்றேன், எங்கள் தம்பி மெல்பேர்னில் என்றேன். அவர் போமை எடுத்து வாசித்தார். தயாபரன் நமசிவாயம், மெல்பேர்ன். இலங்கையில் விலாசம் என்ற இடத்தில் எங்கள் வீட்டு இலக்கம், ஒழுங்கை, கொழும்பு 6.

யாரிடம் கேட்டாலும் ஒரு ஹோட்டல் பெயரை எழுதுவார்கள். நீ இந்த வீட்டை எழுதியிருக்கிறாய். யோசித்து எழுதினாயா, கை தன்பாட்டுக்கு எழுதியதா? கைதான் எழுதியிருக்கும், எனக்குத் தெரியும். வாய் முதல் தரம் என்று பொய் சொன்னாலும் கைக்கு வீடு ஞாபகம் இருந்திருக்கிறது.

பிறெடி போகும்போது இன்னொன்றும் சொன்னார். "தம்பிலிக்கு அங்க நிப்பாட்டுறது எங்கட டூரில இல்ல மிஸ். அவருதான் கெஞ்சிக் கேட்டாரு. ஆனா வாங்கின தம்பிலிய அவர் குடிக்கவே இல்ல, கையிலயே வச்சிக்கிட்டு நின்டாரு." அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ கனவு என்று எழுதினாய். சரி, நானும் விளையாடினேன்.

இனி என் பொய். தம்பி, அன்று நான் உன்னைக் காணவில்லை. இரண்டு கண்ணிலும் படலம். ஒன்றரை வருஷமாகிறது. ஆளைப் பார்த்தால் சட்டையின் நிறம் தெரியும், உயரம் தெரியும், முகம் இருக்கிற இடத்தில் புகை. மீன்காரனைக் குரலில்தான் மட்டுக்கட்டுவேன். பையில் யாராவது முட்டினால் முந்திக்கொண்டு சொறி சேர் என்று சொல்லிவிடுவேன். போன கிழமை ஒரு தபால் பெட்டிக்கும் சொன்னேன், நஸீறா இப்போதும் சிரிக்கிறாள். உன் கண்ணாடியையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெளியவில்லை.

சொன்னால் நீ பயந்து ஓடி வருவாய் என்று சொல்லவில்லை. கண்ணுக்காக வராமல், எனக்காக வரவேண்டும் என்று ஒரு வீம்பு. எனக்கும் வீம்பு இருக்காதா?

உன் முந்திய கடிதங்களைப் பூதக்கண்ணாடி வைத்து நானே வாசித்தேன். கோபத்தில் எழுதிய கடிதம் சின்ன எழுத்து. ஒரு வரிகூட முழுதாக வாசிக்க ஏலவில்லை. மேலே சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறது என்று மட்டும் பிடிபட்டது. அதனால் வேறு ஆளிடம் கொடுக்கவும் பயம். இரண்டு மாதம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். உன் அடுத்த கடிதமும் வந்த பிறகுதான் நஸீறாவைக் கூப்பிட்டேன். அவள் வாசித்து முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்குக் கோபம் என்று எழுதியிருந்தாய். கோபம்தான். அம்மாவுக்கு நீ வராததற்கு இல்லை. அப்போது கொரோனாவால் நாடெல்லாம் பூட்டியிருந்தது, நீ பறந்தா வருவாய்? அம்மாவும் கடைசியில் உன்னை ஏசவில்லை. "அவன் அங்க என்ன பாடு படுறானோ" என்றுதான் சொன்னார். பாதை திறந்த பிறகும் வராமல், என் வாசல் வரைக்கும் வந்தும் கூப்பிடாமல் போனாயே, அதற்குத்தான் கோபம். குரல் அம்மாவுடையது என்றால் என்ன, உன் வாயில் அக்கா என்ற சொல் இல்லையா?

டொக்டர் கண்ணை வெட்டிப் படலத்தை எடுக்கவேண்டும் என்கிறார். முதல் ஒரு கண், பிறகு மற்றது. கூட நிற்க ஒரு ஆள் வேண்டுமாம். நஸீறா நான் நிற்கிறேன் என்கிறாள். நான் ஒக்டோபர் கடைசி வரைக்கும் தள்ளிவைத்திருக்கிறேன். ஏன் என்று உனக்கு விளங்கும்.

அக்கா
(நஸீறாவின் கையால்)

⁂

மெல்பேர்ன்,
28.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மிகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒரு தாளில் எட்டு வரிதான் பிடிக்கிறது. நீங்களே வாசிக்க வேண்டும்.

வருகிறேன்.

ஒக்டோபர் 19, சனிக்கிழமை காலை.

ஒன்பது மணித்தியாலம் இல்லை. ஐந்து கிழமை.

இரண்டு கண்ணுக்கும் நான்தான் கூட நிற்பேன்.

விசாவுக்கு விலாசம் கேட்டார்கள். இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன்.

என்னை மன்னியுங்கள் அக்கா.

பரன்

⁂

வெள்ளவத்தை,
21.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

நானே எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் சிரிக்காதே. உன் கடிதத்தை நானே வாசித்தேன், ஒருவர் உதவியும் இல்லாமல். நல்ல சுகமாக இருக்கிறேன், முந்தின கடிதங்களில் எழுதியது பொய், இது உண்மை.

நஸீறா இப்போதே சமையல் பட்டியல் போடுகிறாள். அலுமாரிப் பூட்டின் திறப்பை எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பிறெடியிடம் உன் கண்ணாடிக்கு நன்றி சொல்லி ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடவேண்டும், அதுவும் உன் பொறுப்பு.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அன்று காலை வீட்டுக்குள் இருந்துகொண்டு வாசலைப் பார்க்கமாட்டேன். அம்மா பார்த்தது போதும். ஒழுங்கை முனையில், தம்பிலிக்காரனுக்குப் பக்கத்தில் வந்து நிற்பேன். எத்தனை வாகனம் நின்றாலும், எத்தனை பேர் இறங்கினாலும் எனக்கு யார் என்று தெரியாது. நீ தாடியோடு வந்தாலும் ஒன்றுதான், தாடி இல்லாமல் வந்தாலும் ஒன்றுதான்.

அதனால் இந்த முறை நீதான் முதலில் கூப்பிட வேண்டும். உரத்துக் கூப்பிடு, தம்பி. கடல் சத்தம் பெரிது.

நீ கூப்பிடும் வரைக்கும் அங்கேயே நிற்பேன்.

அக்கா